அவரை வீட்டுக்கு அழைத்து வந்தது

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதலில் பேசியது என்னிடம் அல்ல, நான் மாமா என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணனிடம். வராந்தாவின் கடைசியில், தண்ணீர்ப் பானை வைத்திருந்த மூலையில் நிற்க வைத்துப் பேசினார். நான் ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேசப் பேச, மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இன்னொரு ஆப்பரேஷன் பண்ணணுமாம். அப்புறம் மெஷின்ல கரண்ட் வைக்கணுமாம், அந்தக் கதிர் வைத்தியம். நல்லாயிடும்."

"நல்லாயிடும்னு டாக்டர் சொன்னாரா, நீங்க சொல்றீங்களா மாமா?"

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் கணவர் பஸ் டிரைவர். திருவண்ணாமலைக்கும் மெட்ராசுக்கும் போய்வரும் வண்டி பல வருஷம் அவர் கையில்தான் இருந்தது. நான் திருவண்ணாமலையிலேயே நகராட்சிப் பள்ளியில் டீச்சர். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே மகள், பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். மாமா கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால், தம்பியைத் தூக்கி வளர்த்து, டிரைவிங் படிக்க வைத்து, என்னைப் பெண் பார்க்க வந்து, கல்யாணம் செய்து வைத்தது எல்லாமே அவர்தான். அப்பாவின் இடத்தில் இருந்தவர். அதனால் டாக்டர் அவரிடம் பேசியதில் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் மறைத்ததில்தான் கோபம்.

என் கணவருக்கு முதலில் வந்தது வெறும் வயிற்று வலி. வெளியூர் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். சோடா குடித்தார், மோர் குடித்தார், லீவு போடாமல் வண்டி ஓட்டினார். காக்கி பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனபோதுதான் பயந்தேன். ஊர் டாக்டர் பார்த்துவிட்டு உடனே மெட்ராசுக்குப் போகச் சொன்னார். அங்கே வயிற்றைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே மூடிவிட்டார்கள். ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று நான் கேட்டபோது, "நல்ல விஷயம்தாம்மா" என்றாள் ஒரு ஆயா.

மாமா அப்படிச் சொன்ன மறுநாள் காலை, வார்டில் எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு ஒரு இளம் டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் அவரோட சம்சாரம். என்கிட்ட சொல்லுங்க சார். ஆப்பரேஷன் பண்ணா குணமாகுமா?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "குணமாகாதும்மா. வயித்துல கேன்சர். கல்லீரலுக்கும் பரவியிருக்கு. குழாய் வச்சு ஆகாரம் உள்ள போறதுக்கு ஒரு வழி பண்ணலாம், அவ்ளோதான்."

"அப்புறம் வீட்டுக்கு வந்துடுவாரா?"

"ஆப்பரேஷனைத் தாங்குவாரான்னே சொல்ல முடியல. தாங்கினாலும் இருக்கற நாள்ல ஜாஸ்தி நாள் இங்கதான் போகும்."

"ஒண்ணும் பண்ணாம கூட்டிட்டுப் போனா?"

"சில வாரம். ரெண்டு மூணு மாசம்கூட இருக்கலாம். ஆனா போகப் போக வலி ஜாஸ்தியாகும். அதுக்கு ஊசி வேணும். உங்க ஊர்ல யாராவது போடுவாங்களா?"

"போட வைக்கிறேன்" என்றேன். யாரைக் கொண்டு, எப்படி என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது.

மத்தியானம் மாமா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் என் கணவர் கேட்டார். "டாக்டரு இன்னா சொன்னாரு?"

அவர் கேட்டு நான் பொய் சொன்னது கிடையாது. வண்டி ஓட்டுகிறவரிடம் வீட்டில் எதையும் மறைக்கக்கூடாது, மறைத்தால் ரோட்டில் அவர் நினைப்பு வீட்டைச் சுற்றும் என்று கல்யாணமான புதிதில் அவரே சொல்லியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னேன். கேன்சர் என்ற சொல்லையும் விடவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "வயித்தக் கிழிச்சதுலேர்ந்து அண்ணன் என் கண்ணப் பார்த்துப் பேசல. ஆப்பரேஷன் பண்ணிகினா பொழைப்பனா?"

"இல்லைங்க."

"அப்ப இன்னாத்துக்கு அது? என்னை வூட்டுக்கு இட்டுனு போயிடு." பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். வேறு ஒரு ஆள் அதில் புதிதாகப் படுத்திருந்தார். "முந்தாநாள் இதுல இருந்தவன் போயிட்டான். அப்ப அவன் பொண்டாட்டி கீழ கேட்டாண்ட நின்னுகினு இருந்தா. பாக்கற நேரம் ஆவலன்னு வுடல. எனக்கு அப்படி வேணாம்."

அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறோம். "சரிங்க, போயிடலாம்" என்றேன்.

மாமாவிடம் ஆஸ்பத்திரி மரத்தடியில் வைத்துச் சொன்னேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"கேட்டாரு. சொன்னேன்."

"ஊரு இன்னா பேசும் தெரியுமா? சம்பாதிச்சுப் போட்டவன வைத்தியம் பாக்காம வுட்டுட்டான்னு பேசும்."

"பேசட்டும் மாமா."

"நீ படிச்சவ, உனக்கு எல்லாம் சுலுவா இருக்கும். அவன நான் தோள்ல தூக்கி வளத்தேன். சாவறதுக்கு இட்டுனு போறேன்னு என்கிட்டயே வந்து சொல்ற."

"இங்க இருந்தாலும் அதேதான் நடக்கும் மாமா. அங்க இருந்தா நான் பக்கத்துல இருப்பேன், பொண்ணு இருக்கும், நீங்க இருப்பீங்க. அவரும் அதத்தான் கேக்கறாரு."

"நான் வரல" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். டாக்டர்கள் சொன்னதை மீறிக் கூட்டிப்போகிறேன் என்று எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக்கொடுத்தேன்.

வாடகைக் காரில் புறப்பட்டோம். பின் சீட்டில் தலையணை அடுக்கி அவரைப் படுக்க வைத்தேன். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் சும்மா வருவது அவருக்கு எப்போதுமே பிடிக்காது. திண்டிவனம் வரை கண்ணை மூடிக்கொண்டு வந்தார். செஞ்சி தாண்டியதும், "முன் சீட்டுக்கு மாத்து" என்றார். காரை ஓரம் கட்டி, நானும் டிரைவருமாகத் தூக்கி உட்கார வைத்தோம். கீழ்பென்னாத்தூர் வரும்போது தூரத்தில் மலை தெரிந்தது. அவர் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. "மெதுவாப் போ தம்பி, அந்தப் பாலத்தாண்ட எப்பவும் மாடு நிக்கும்" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாடு நின்றது.

முன்னறையில் கட்டிலைப் போட்டு, ரோடு தெரிகிற மாதிரி ஜன்னலை ஒட்டித் தள்ளி வைத்தோம். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு கேட்டேன். மறுநாளே தேரடித் தெருவில் இருந்த எங்கள் டாக்டரிடம் போனேன். வயதானவர், கொஞ்சம் கடுமையானவர். நோயாளிகள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"வலிக்குப் போடற பெத்தடின் ஊசியெல்லாம் சும்மா போட முடியாது டீச்சர். பழக்கமாயிடும்."

"பழக்கமாகட்டும் டாக்டர். அதுக்கப்புறம் எத்தனை வருஷம் இருக்கப்போறாரு?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "சாயங்காலம் வந்து பார்க்கறேன்" என்றார். சொன்னபடி ஸ்கூட்டரில் வந்தார். அதற்குப் பிறகு தினமும் வந்தார்.

ஊசி வலியைப் பார்த்துக்கொண்டது. மற்றதை எல்லாம் நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. படுத்தே இருந்ததால் முதுகில் தோல் சிவந்தது. வாய் வறண்டு நாக்கு வெடித்தது. எங்கள் வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் ஒரு வெள்ளைக்கார அம்மா குடியிருந்தார். ஆசிரமத்துக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டவர். அவர் தன் ஊரில் நர்சாக இருந்தவர் என்று வீட்டுக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போய் உதவி கேட்டேன். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டார்.

"அந்த வேலை போதும்னுதான் இங்க வந்தேன்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில், திக்கித் திக்கி. "நிறைய பேர் போறதைப் பார்த்தாச்சு. மன்னிக்கணும்."

அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை அவரே ஒரு கிண்ணமும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். சுத்தமான துணியை நனைத்து வாயை எப்படித் துடைப்பது, உதட்டில் எப்போது வெண்ணெய் தடவுவது, உடம்பை இழுக்காமல் போர்வையோடு எப்படித் திருப்புவது என்று செய்து காட்டினார். அவர் ஊரில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு வீடு இருந்ததாம். குணப்படுத்த முடியாது என்று தெரிந்த பிறகு அங்கே கொண்டுவருவார்களாம். "அங்க நாங்க செஞ்சதைத்தான் நீ இங்க செய்யற" என்றார். அப்படி ஒரு வீடு உலகத்தில் எங்கேயோ இருக்கிறது என்பது எனக்கு அன்று பெரிய பலமாக இருந்தது. நான் கிறுக்குத்தனமாக எதையும் செய்துவிடவில்லை என்று அது சொன்னது.

அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் யோசனை சொன்னார்கள். ஜவ்வாது மலையில் ஒரு வைத்தியர் பச்சிலை கொடுக்கிறார் என்றார் ஒருவர். பெங்களூருக்குப் போயிருக்கலாமே என்றார் இன்னொருவர். என் கணவரின் சித்தி மட்டும் நேராகக் கேட்டார். "ஏம்மா, உனக்கு மனசு கல்லா?"

நான் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உள்ளே அழக்கூடாது. வைத்தியம் பற்றிப் பேசக்கூடாது. அவர் தூங்கினால் எழுப்பக்கூடாது. சித்தி கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். பச்சிலை விஷயத்தை மட்டும் என் கணவரிடமே கேட்டேன். "கசப்பா இருக்குமா?" என்றார். "இருக்கும்" என்றேன். "வேணாம்" என்றார்.

மகளிடம் அவரே பேசினார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பா ஜாஸ்தி நாள் இருக்கமாட்டேன். தெரியுமில்ல?"

"தெரியும்ப்பா."

"பரீட்சைய வுடக்கூடாது. இங்கயே உக்காந்து படி. சத்தமாப் படி, நானும் கேக்கறேன்."

அன்றிலிருந்து அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படித்தாள். சரித்திரப் பாடம் அவருக்குப் பிடித்திருந்தது. கணக்குப் பாடத்தில் தூங்கிவிடுவார்.

ரோட்டில் போகும் பஸ்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பது என்று டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இரண்டு முறை, சின்னதாக. தூக்கம் கெடுமே என்று நான் பஸ் நிலையம் போய் வேண்டாம் என்று சொல்லக் கிளம்பினேன். அவர் தடுத்துவிட்டார். ஹாரனைக் கேட்டே யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லுவார். "இவன் இன்னும் கியர ஒழுங்கா போடக் கத்துக்கல" என்பார்.

அந்த டிரைவர்களில் ஒருவரிடம்தான், "அண்ணன வரச் சொல்லு" என்று சொல்லியனுப்பினார். மாமா உடனே வரவில்லை. ஒரு வாரம் கழித்து, காலைப் பஸ்ஸில், ஒரு நாட்டுக்கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். என்னிடம் பேசவில்லை. நேராக உள்ளே போய்க் கட்டில் காலடியில் உட்கார்ந்தார்.

"இன்னாடா இப்படி எளைச்சுட்ட?"

"கோழி எதுக்குண்ணா? என்னால துன்ன முடியாதே."

"வாசனையாவது புடிடா" என்றார் மாமா.

நான் குழம்பு வைத்தேன். வாசனை வந்ததும் என் கணவர் கேட்டு வாங்கி, மேலாகத் தெளிந்த குழம்பை ஒரே ஒரு ஸ்பூன் நாக்கில் விட்டுக்கொண்டார். ஸ்பூனைப் பிடித்தது மாமாதான். பிறகு சமையலறைப் பக்கம் வந்து என்னிடம் கேட்டார். "ஆஸ்பத்திரில அவ்ளோ முனகினானே, இங்க முனகறதே இல்லியே?"

"ஊசி போடறாங்க மாமா. நேரத்துக்குப் போடறாங்க."

அவர் தலையை ஆட்டினார். அன்றைக்குக் கிராமத்துக்குத் திரும்பவில்லை. கழனி வேலையை மகன்களிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். போர்வையைப் பிடித்துத் திருப்புவதற்கு எனக்கு இன்னொரு ஆள் கிடைத்தார்.

தீபத் திருவிழா நெருங்கியது. அந்த நாளில் எங்கள் ரோடு முழுக்க மலை சுற்றும் கூட்டம்தான் போகும், வண்டி எதுவும் வராது. டாக்டரின் ஸ்கூட்டர் தேரடியிலிருந்து நகரவே முடியாது. பக்கத்துப் போர்ஷன் அம்மா ஊசியை மட்டும் இனித் தொடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். நான் டாக்டரிடம் போய், ஊசி போட எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றேன்.

"நீங்க நர்ஸ் இல்ல டீச்சர்."

"இல்லதான். ஆனா அன்னிக்கு அவருக்கு ஊசி போட நான் ஒருத்திதான் இருக்கேன்."

முணுமுணுத்தார். பிறகு ஒரு பழைய கண்ணாடி சிரிஞ்சைக் கொடுத்து, சாத்துக்குடிப் பழத்தில் தண்ணீரை ஏற்றிப் பழகச் சொன்னார். வீட்டில் எத்தனை பழம் வீணானது என்று தெரியாது. எப்படிக் கொதிக்க வைப்பது, காற்றை எப்படி வெளியே தள்ளுவது, எந்த இடத்தில் குத்தினால் நரம்பில் படாது என்று சொல்லிக்கொடுத்தார். அப்புறம் இரண்டு மாலை, என் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, என் கணவருக்கே போட வைத்தார். திருவிழாவுக்கு முந்தின நாள் தேவையான மருந்தை என் கையில் கொடுத்து, "பீரோவுல வச்சுப் பூட்டுங்க. நான் சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டு போகக்கூடாது" என்றார்.

தீபத்தன்று மத்தியானத்திலிருந்தே கூட்டம். ஜன்னலுக்கு வெளியே கால்கள், தலைகள், தோளில் உட்கார்ந்த குழந்தைகள். சாயங்காலம் வலி திடீரென்று ஏறியது. என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். மாமா பயந்துவிட்டார். "நான் ஓடிப்போய் டாக்டர இட்டுனு வரேன்" என்று செருப்பைத் தேடினார்.

"போனா இன்னிக்குத் திரும்ப முடியாது மாமா. நீங்க அவரைப் புடிச்சுக்குங்க."

சிரிஞ்சைக் கொதிக்க வைத்தேன். மகள் விளக்கைப் பிடித்துக்கொண்டாள். காற்றை வெளியே தள்ளிவிட்டுக் குத்தினேன். "போட்டாச்சா?" என்றார் அவர். "போட்டாச்சுங்க." "டாக்டரவிட பரவால்ல" என்றார். கொஞ்ச நேரத்தில் கை விரல்கள் தளர்ந்தன. தூங்கிவிட்டார்.

அவர் தூங்கின சற்றைக்கெல்லாம் மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். ரோடே அரோகரா என்று முழங்கியது. மாமா வெளியே போய்க் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். "எழுப்பும்மா. ஒரு தபா பாக்கட்டும். இனிமே எப்ப பாக்கப்போறான்?"

"வேணாம் மாமா. வலி இல்லாம தூங்கறாரு."

"பொறந்ததுலேர்ந்து பாக்கறவன்…"

"அதனாலதான் சொல்றேன். தூங்கட்டும்."

மாமா என்னைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. நானும் வாசலுக்குப் போகவில்லை. என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் அதிகமாகப் பேசவில்லை. தண்ணீரும் இறங்குவது கம்மியாகிவிட்டது. உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தோம். ஒரு காலை, வெயில் ஏறிய நேரம், மாமா அவருக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தார். அதை அவரே கேட்டிருந்தார், முந்தின நாள். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குச் சோப்பு போடும்போது மூச்சு மாறியது. மாமா என்னைக் கூப்பிட்டார். நான் ஒரு கையைப் பிடித்தேன், மகள் இன்னொரு கையைப் பிடித்தாள். இடைவெளி விட்டு விட்டு மூச்சு வந்தது. பிறகு வரவில்லை. மாமா சோப்பைத் துடைக்காமல் மறு கன்னத்தையும் மழித்து முடித்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதார்.

காரியத்தன்று சித்தி பந்தலில் எல்லோர் முன்னாலும் பழையபடி ஆரம்பித்தார். மெட்ராசிலேயே விட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமா குறுக்கிட்டார்.

"சித்தி, நான் கூடவே இருந்தேன். ஒண்ணும் தெரியாம பேசாத. என் தம்பி என் கையில போனான். நாங்க யாரும் ஆஸ்பத்திரி கேட்டாண்ட நிக்கல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு இலை போடப் போய்விட்டார்.

அடுத்த மார்ச்சில் மகள் பரீட்சை எழுதித் தேறினாள். கணக்கில்தான் மார்க் கம்மி. பக்கத்துப் போர்ஷன் அம்மா கொஞ்ச நாள் எங்கள் வீட்டில்தான் இராத்திரி சாப்பிட்டார், நாங்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று.

அந்தப் பரீட்சைக்கு முன்பே, பொங்கல் கழிந்து நான் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை என் மேல் இரக்கப்பட்டு, வேலை குறைவாக இருக்கட்டும் என்று ஒன்றாம் வகுப்பைக் கொடுத்திருந்தார். நான் என் ஐந்தாம் வகுப்பையே கேட்டேன். "இப்ப உங்களால முடியுமா டீச்சர்?" என்றார். முடியும் என்றேன். அன்று இரண்டாம் பீரியடுக்கு என் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, எந்தப் பாடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.